மைக்கல் பரடே (1791 – 1867): ஒரே தங்கம், பல நிறம்

மாணவர்களே, மைக்கல் பரடே என்ற பெயர் உங்களுக்குப் புதிதல்ல. கம்பிச் சுருளுக்குள் காந்தத்தைச் செலுத்தி மின்னைப் பெறும் பரிசோதனையில் அப்பெயரைச் சந்தித்திருப்பீர்கள். மின்பகுப்புப் பாடத்தில் நீங்கள் மனனம் செய்யும் அனோட்டு, கதோட்டு, அயன் ஆகிய சொற்களும் அவர் எழுத்தின் வழியாகவே உலக வழக்குக்கு வந்தவை. ஆனால் தமது 64 ஆவது வயதில், ஞாபகசக்தி குன்றிப்போயிருந்த நிலையில், அவர் ஏறத்தாழ ஓராண்டு காலம் மெல்லிய தங்கப் படலங்களோடு போராடினார் என்பதை நமது வழிகாட்டி நூல்கள் கூறுவதில்லை. அவரது வாழ்க்கையை அந்தப் படலங்களை நோக்கியே இங்கு கூறப்போகிறேன். மின்முலாமிடல் வினாவில் உங்களிற் பலர் புள்ளிகளை இழப்பதும் அந்த இடத்திலேதான்.

வினா இதுதான்: ஒரு பித்தளைச் சாவிக்குச் செப்பு முலாமிடும்போது சிறிய மின்னோட்டத்தை நீண்ட நேரம் செலுத்துவது ஏன்? செப்பு வீணாகாமல் இருப்பதற்கு என்று பலர் எழுதுகிறார்கள். அது பிழை. 1 அம்பியர் ஓட்டத்தை 1 மணி நேரம் செலுத்தினால் 3600 கூலோம் ஏற்றம் செல்லும். 0.1 அம்பியர் ஓட்டத்தை 10 மணி நேரம் செலுத்தினாலும் அதே 3600 கூலோம்தான். ஏற்றம் முழுவதும் செப்பைப் படியவைக்கவே பயன்பட்டால் இரு தடவையும் படியும் செப்பு ஏறத்தாழ 1.18 கிராம். தராசில் வைத்தால் இரண்டும் ஒன்று. ஆனால் கண்ணால் பார்த்தால் ஒன்றல்ல. சாவியின் மேற்பரப்பு 10 சதுர சென்ரிமீற்றர் அளவாயின், முதலாவது சாவியில் கறுத்து, தூள்தூளாய், விரலால் தேய்த்தாலே உதிரும் செப்பு இருக்கும். இரண்டாவதில் சீரான, இறுகப் பிடித்த பூச்சு இருக்கும்.

புதுக்கடையிலிருந்து செட்டியார் தெரு நடந்துபோகும் தூரந்தான். அங்கே நகைக்கு முலாம் பூசும் தொழிலாளி ஒருவரிடம் இதைக் கேட்டால், அவசரப்பட்டால் பூச்சுக் கருகும் என்று சொல்வார். அவரது அனுபவத்தில் இரண்டு கேள்விகள் அடங்கியிருக்கின்றன. எவ்வளவு உலோகம் படியும் என்பது ஒன்று. அது எப்படி அடுங்கிப் படியும் என்பது மற்றது. முதற் கேள்விக்கு முழுமையான விடை தந்தவர் பரடே. இரண்டாவது கேள்விக்கு அருகில் அவர் வந்து சேர்வதற்கு இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

பாண் ஒன்றும் புத்தகக் கடையும்

பரடே 1791 செப்ரெம்பர் 22 ஆம் திகதி பிறந்தார். பிறந்த இடம் நியூவிங்டன் பட்ஸ். அது இன்று இலண்டன் மாநகரின் ஒரு பகுதி. தந்தை ஜேம்ஸ் ஒரு கொல்லர். வட இங்கிலாந்திலிருந்து பிழைப்புத் தேடித் தலைநகருக்கு வந்தவர். அவர் அடிக்கடி நோயுற்றதால் வருமானம் தடைப்பட்டது. 1801 இல் தானிய விலை ஏறிய காலத்தில் சிறுவன் மைக்கலுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு பாண் என்று வீட்டில் பங்கிடப்பட்டதாம். பாடசாலையில் அவர் கற்றது வாசிப்பு, எழுத்து, சிறிது எண்கணிதம் ஆகியவை மட்டுமே. உயர் கணிதம் அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை. அவர் மனக்கண்ணில் கண்ட விசைக்கோடுகளைச் சமன்பாடுகளாக எழுத ஜேம்ஸ் கிளாக் மக்ஸ்வெல் வரவேண்டியிருந்தது.

1804 இல் ஜோர்ஜ் றீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு புத்தகம் கட்டும் தொழிலை ஏழாண்டு பழகுவதற்கு ஒப்பந்தமானார். கட்டுவதற்கு வந்த நூல்களை அவர் வாசிக்கவும் செய்தார். கலைக்களஞ்சியத்தில் மின்னியல் பற்றிய கட்டுரை ஒன்றும், ஜேன் மார்செற் எழுதிய இரசாயன உரையாடல் நூலும் அவரைப் பிடித்துக்கொண்டன. வாசித்ததோடு நில்லாமல், கையிலிருந்த சில்லறைக் காசுக்குப் பொருள் வாங்கிப் பரிசோதித்தும் பார்த்தார். மாலை நேர விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்கு ஒரு தடவைக்கு ஒரு சிலிங் கட்டணம். அதைக் கொடுத்தவர் அண்ணன் றொபேட். அவரும் ஒரு கொல்லரே.

1812 இல் கடைக்கு வரும் ஒருவர், றோயல் நிறுவனத்தில் சேர் ஹம்பிறி டேவி ஆற்றிய இறுதிச் சொற்பொழிவுகள் நான்கிற்கு அனுமதிச்சீட்டுக் கொடுத்தார். டேவி அக்காலத்தில் இங்கிலாந்தின் முதன்மையான இரசாயனர். பரடே அவர் சொன்னவற்றைக் குறிப்பெடுத்து, படம் வரைந்து, தாமே அழகாகக் கட்டி, ஏறத்தாழ 300 பக்கங்கள் கொண்ட நூலாக டேவிக்கு அனுப்பினார். வேலை உடனே கிடைக்கவில்லை. 1813 இன் தொடக்கத்தில் ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டு வேலை இழந்தபின்னரே அவ்விடம் வெற்றிடமாகியது. மார்ச் முதலாந் திகதி பரடே நியமனம் பெற்றார். வாரச் சம்பளம் 25 சிலிங். மாடியில் இரண்டு அறைகள்.

அவ்வாண்டின் இறுதியில் டேவியுடன் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். மனம் நொந்து திரும்பிவிடலாமா என்றும் பரடே எண்ணியதுண்டு. ஆயினும் 1814 இல் புளோரன்ஸ் நகரில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். பெரிய வில்லை ஒன்றால் சூரிய ஒளியைக் குவித்து, ஒட்சிசன் நிரம்பிய கண்ணாடிக் கோளத்துள் வைரத்தை எரித்தார்கள். எஞ்சியது காபனீரொட்சைட்டு வாயு மாத்திரமே. வைரமும் கரியும் ஒரே காபன் என்பது தெளிவாயிற்று. ஒரே பொருள் தன் உள்ளமைப்பு மாறினால் எவ்வளவு வேறுபட்டுத் தோன்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? பின்னாளில் தங்கத்தோடு அவர் பட்டபாட்டை வாசிக்கும்போது எனக்கு இந்த வைரமே ஞாபகத்துக்கு வருகிறது.

எவ்வளவு என்ற கேள்வி

அடுத்த இருபது ஆண்டுகளை விரைவாகக் கடப்போம். அவை எல்லா நூல்களிலும் உள்ளன. 1821 இல் சாரா பானாட்டை மணந்தார். அவ்வாண்டே, மின் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலவைத்தார். அதில் வொலஸ்ரன் என்ற விஞ்ஞானிக்குரிய மதிப்பைக் கொடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. 1824 இல் அவர் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவானபோது எதிர்த்து நின்றவர் டேவி. குருவே எதிர்த்தும் பரடே அவரைப் பழித்துப் பேசவில்லை. 1825 இல் பென்சீனைக் கண்டுபிடித்தார். 1831 ஆகஸ்ட் 29 இல், இரும்பு வளையமொன்றில் சுற்றிய இரு சுருள்களைக் கொண்டு மின்காந்தத் தூண்டலைக் கண்டார். இன்று நம் வீடுகளுக்கு வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி அத்தத்துவத்தில் இயங்கும் பிறப்பாக்கிகளிலிருந்தே வருகிறது.

1833, 1834 ஆம் ஆண்டுகளில் மின்பகுப்பை எடுத்துக்கொண்டார். கரைசலினூடு மின்னைச் செலுத்தி, வெளிவரும் வாயுவையும் படியும் உலோகத்தையும் பொறுமையாக அளந்தார். செல்லும் மின்னின் அளவு இருமடங்கானால் படியும் பொருளும் இருமடங்காகும் என்பது முதலாம் விதி. ஒரே அளவு மின் வெவ்வேறு கரைசல்களினூடு சென்றால், படியும் பொருள்கள் அவற்றின் சமவலுத் திணிவுகளுக்கு விகிதசமமாக இருக்கும் என்பது இரண்டாம் விதி. புதிய துறைக்குப் புதிய சொற்கள் வேண்டும் என்று கேம்பிறிஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லுடன் கடிதத் தொடர்பு கொண்டார். அனோட்டு, கதோட்டு முதலியவை அவ்வாறு பிறந்தவை.

இவ்விதிகள் படியும் உலோகத்தின் திணிவை மட்டுமே கூறும். பூச்சு பளபளக்குமா, உதிருமா என்பதைப் பற்றி அவை ஒன்றும் கூறமாட்டா. சில ஆண்டுகளிலேயே இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத் தொழிலாளருக்கு அது தெரிந்துபோயிற்று. அங்கே நகைக்கும் கரண்டிக்கும் பொன், வெள்ளி முலாமிட எல்கிங்டன் குடும்பத்தார் முயன்றுகொண்டிருந்தனர். சாதாரண உப்புக் கரைசல்களிலிருந்து படிந்த பூச்சு திருப்தியாக அமையவில்லை. ஜோன் றைற் என்ற வைத்தியர், பொற்றாசியம் சயனைட்டுக் கரைசலில் தங்கத்தையோ வெள்ளியையோ கரைத்து மின்னைச் செலுத்தினால் உறுதியான, சீரான பூச்சுக் கிடைப்பதைக் கண்டார். 1840 இல் எல்கிங்டன் அதற்குக் காப்புரிமை பெற்றார். உலோகம் அதே உலோகம். அது எந்தக் கரைசலிலிருந்து வருகிறது என்பது மாறியவுடன் பூச்சின் இயல்பும் மாறியது. (சயனைட்டு மிகக் கொடிய நஞ்சு. இதை யாரும் வீட்டில் முயலக் கூடாது.)

மறதியும் 16,041 பந்திகளும்

1840 ஐ அண்டிய ஆண்டுகளில் பரடேயின் உடல்நிலை தளர்ந்தது. தலைச்சுற்று, களைப்பு, எல்லாவற்றுக்கும் மேலாக மறதி. 1841 இல் ஓய்வுக்காகச் சுவிற்சலாந்து சென்றார். திரும்பிவந்து 1845 இல், தாம் முன்பு தயாரித்த பாரமான கண்ணாடியொன்றினூடு ஒளியைச் செலுத்தி, காந்தம் ஒளியைப் பாதிக்கும் என்று காட்டினார். ஆயினும் மறதி அவரை விட்டு நீங்கவில்லை.

ஞாபகம் கைவிட்ட ஒருவர் பரிசோதனை ஆய்வை எவ்வாறு தொடர்ந்தார்? 1832 முதல் தமது ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பந்திக்கும் தொடர் இலக்கமிட்டு வந்தார். பின்னர் எழுதும்போது அந்த இலக்கத்தைக் குறித்தாற் போதும், பழைய பரிசோதனையைத் தேடி எடுத்துவிடலாம். கடைசிப் பந்தியின் இலக்கம் 16,041. புத்தகம் கட்டிய கைக்கு ஒழுங்கு பழகியிருந்தது. பரீட்சைக்கு முதல்நாள் இரவு எந்தக் கொப்பியில் எது இருக்கிறது என்று தேடி அலையும் மாணவர்கள் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிக்கவும்.

தங்கத்துடன் ஓராண்டு

1856 இல் அவர் தங்கத்தைக் கையிலெடுத்தார். ஒளி ஓர் அலை என்று அப்போது பலர் ஏற்றுக்கொண்டிருந்தனர். அந்த அலையின் நீளத்தைவிடச் சிறிய உலோகத் துணிக்கையில் ஒளி பட்டால் என்ன நிகழும் என்பதே அவருடைய கேள்வி. அதற்குத் தங்கமே தகுந்தது என எண்ணினார். தங்கத்தை மிக மெல்லியதாக அடிக்கலாம், அது துருப்பிடிக்காது, சாதாரண அமிலங்களில் கரையாது. ஆகவே நிறம் மாறினால், வேறு சேர்வை உண்டாகிவிட்டது என்ற சந்தேகத்துக்கு இடம் குறைவு.

முதலில் பொன்னிலை. பொன்னிலை மின்காட்டியில் நீங்கள் படித்த அதே இலைதான். தாம் பயன்படுத்திய இலையின் தடிப்பு ஓர் அங்குலத்தின் 282,000 இல் ஒரு பங்கு எனப் பரடே கணித்தார். இன்றைய அளவில் ஏறத்தாழ 90 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. (ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே ஒரு நனோமீற்றர்.) இந்த இலையைக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தால், தெறிக்கும் ஒளி மஞ்சளாகவும் ஊடுருவும் ஒளி பச்சையாகவும் தெரியும்.

அந்தக் கண்ணாடியை அவர் சூடாக்கினார். தங்கம் உருகும் வெப்பநிலையை அடைவதற்கு வெகு முன்னரே பச்சை மறைந்து, இலை நிறமற்றதுபோல் ஒளியை விட்டது. தங்கம் எங்கும் போய்விடவில்லை. பின்னர், வழவழப்பாகத் தீட்டிய கடினமான கல்லால் அந்த இடத்தை அழுத்தித் தேய்த்தார். தேய்த்த இடத்தில் பச்சை மீண்டும் வந்தது! சூட்டினால் போன நிறம் அழுத்தத்தினால் திரும்புகிறது. தங்கம் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகவே மாறியிருக்கக்கூடியது அதன் உள்ளமைப்பே.

இலையை அடித்துச் செய்தார்கள். அடித்ததே இதற்குக் காரணமாயிருக்கலாம் அல்லவா? எனவே அடிக்காமல் படலம் செய்யும் வழிகளைத் தேடினார். தங்கக் குளோரைட்டின் மிக ஐதான கரைசலின்மேல் பொசுபரசைச் சிறு துணுக்குகளாக மிதக்கவிட்டார். பொசுபரசு தங்கத்தைப் பிரித்தெடுக்க, நீரின் மேற்பரப்பில் தங்கப் படலம் ஆடைபோல் படர்ந்தது. பாலாடையை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எவ்வளவோ மடங்கு மெல்லியது. அதைக் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுத்து உலர்த்திப் பார்த்தார். படலம் சாம்பல் நிறச் சாயலாக இருந்தது. சூடாக்கினால் ஊதாவாகவும் சிவப்பாகவும் மாறியது. கல்லால் அழுத்தினால் பச்சை!

மூன்றாவது முறை இன்னும் துணிகரமானது. லெய்டன் சாடிகளைத் தொடுத்து மின்னைச் சேமித்து, மெல்லிய தங்கக் கம்பியினூடு ஒரே கணத்தில் பாய்ச்சினார். கம்பி வெடித்து ஆவியாகியது. அருகில் வைத்திருந்த கண்ணாடியில் தங்க ஆவி படிந்தது. அந்தப் படிவு கண்ணாடி முழுவதும் ஒரே நிறமாக இருக்கவில்லை. இடத்துக்கு இடம் சிவப்பு, ஊதா, பச்சை, சாம்பல் என வேறுபட்டது. காற்றிலுள்ள ஒட்சிசன் சேர்ந்து வேறு பொருள் உண்டாயிற்றோ எனச் சோதிக்க, ஐதரசன் வாயுவிலும் கம்பியை வெடிக்கச் செய்தார். அங்கும் நிறங்கள் வந்தன. தங்கத்தைக் கரைக்காத அமிலம் படிவையும் தொடவில்லை; தங்கத்தைக் கரைக்கும் குளோரீன் படிவையும் கரைத்தது. ஆகவே எல்லாம் தங்கமே. வெள்ளி, செப்பு, ஈயம், பிளாற்றினம் போன்ற உலோகங்களையும் இவ்வாறே வெடித்துப் படியவைத்துப் பார்த்தார். ஆவியை மேற்பரப்பில் படியவைத்துப் படலம் ஆக்கும் இன்றைய தொழில்நுட்பத்தின் வரலாற்றை எழுதுவோரிற் பலர் இந்த வெடிப்பிலிருந்தே தொடங்குகிறார்கள்.

பொசுபரசு முறையில் படலத்தின் அடியிலிருந்த நீரும் சிலவேளை மாணிக்கச் சிவப்பாக மாறியது. தெளிந்த திரவம்போலத் தோன்றினாலும் அது உண்மையான கரைசல் அல்ல எனப் பரடே ஐயுற்றார். குவித்த ஒளிக்கற்றையை அதனூடு செலுத்திப் பக்கத்திலிருந்து பார்த்தபோது, ஒளி செல்லும் பாதை தெரிந்தது. கண்ணுக்குப் புலப்படாத தங்கத் துணிக்கைகள் ஒளியைச் சிதறவைத்தன. (இவ்விளைவுக்கு அவருக்குப்பின் றோயல் நிறுவனத்தில் பணியாற்றிய ரின்டலின் பெயரே நிலைத்துவிட்டது. பெயர் வைப்பதில் வரலாறு எப்போதும் நீதியாக நடப்பதில்லை.) அந்தச் சிவப்பு நீரில் சிறிது கறியுப்பைச் சேர்த்தால் அது நீலமாகியது. துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பருத்ததே காரணம்.

1857 பெப்ரவரி 5 ஆம் திகதி இவ்வாய்வை றோயல் சங்கத்தின் முன் எடுத்துரைத்தார். துணிக்கைகளின் பருமன் மாறுவதே தங்கத்துக்கு இத்தனை நிறங்களைத் தரமுடியும் என்பது அவர் கண்ட முடிவு. ஒளிக்கும் துணிக்கைக்கும் இடையில் என்ன நிகழ்கிறது என்ற தமது பெரிய கேள்விக்கு விடை கிடைக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. துணிக்கைகளை நேரிற் காண அக்கால நுணுக்குக்காட்டியால் முடியவில்லை. கணிதமும் கைகொடுக்கவில்லை. இது தோல்வியா? நான் அப்படி மதிப்பிடமாட்டேன். கைக்கெட்டிய சோதனைகள் அனைத்தையும் செய்து, எது தங்கம், எது தங்கம் அல்ல என்று ஐயமறப் பிரித்து வைத்துவிட்டே அவர் ஓய்ந்தார்.

பின்னர் தெரிந்தவை

விடைகள் ஒவ்வொன்றாக வந்தன. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொற்லாந்தைச் சேர்ந்த ஜோர்ஜ் பெயில்பி, சூடாக்கிய மெல்லிய படலங்களை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தார். சூட்டில் தொடர்ச்சியான படலம் கிழிந்து, சிறு சிறு மணிகளாகத் திரள்வதைக் கண்டார். மெழுகு பூசிய காரின்மேல் மழைநீர் பரவாமல் துளிகளாகத் திரள்வது போன்றது இது. மணிகளுக்கிடையே வெளி உண்டாவதால் ஒளி கடந்துபோகிறது. கல்லால் தேய்க்கும்போது மணிகள் மீண்டும் நசுங்கித் தகடாகின்றன, பச்சை திரும்புகிறது. 1908 இல் குஸ்ராவ் மீ என்ற ஜேர்மனியர், தங்கத் துணிக்கையின் பருமனுக்கும் நிறத்துக்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தால் விளக்கினார். தங்கக் கூழ்க்கரைசலை ஆராய்ந்த றிச்சாட் சிக்மொண்டிக்கு 1925 ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபல் பரிசு கிடைத்தது.

இனி நம் சாவிக்கு வருவோம். ஒரு மேற்பரப்பில் வந்து விழும் உலோக அணு, விழுந்த இடத்திலேயே ஒட்டிவிடுவதில்லை. சிறிது தூரம் நகர்ந்து தனக்கேற்ற இடத்தைத் தேடும். முதலில் வரும் அணுக்கள் அங்குமிங்கும் சிறு தீவுகளாகக் கூடும். தீவுகள் வளர்ந்து ஒன்றோடொன்று முட்டி இணைந்த பின்னரே தொடர்ச்சியான படலம் உண்டாகும். அணுவுக்கு நகர அவகாசம் இருந்ததா என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் திருவிழாவை எண்ணிப் பாருங்கள். மக்கள் சிறிது சிறிதாக வந்தால் முன்வரிசையிலிருந்து ஒழுங்காக நிரம்பும். எல்லோரும் ஒரே நேரத்தில் வந்தால் வாசலிலே குவிவார்கள்; உள்ளே இடம் வெறுமையாகக் கிடக்கும்.

பெரிய மின்னோட்டத்தில் நிகழ்வது அதுவே. கதோட்டுக்கு அருகிலுள்ள செப்பு அயன்கள் விரைவில் தீர்ந்துபோகின்றன. புதிதாக வருபவை உள்ளே உள்ள பள்ளங்களுக்குப் போகாமல், வெளியே துருத்திநிற்கும் முனைகளில் ஒட்டிக்கொள்கின்றன. முனைகள் மேலும் நீண்டு மரக்கிளைபோல வளர்கின்றன; இடையில் வெற்றிடங்கள். அதுவே அந்தக் கறுத்த தூள். ஐதரசன் வாயுவும் வெளிவந்தால் பூச்சு மேலும் கெடும். எண்ணெய்ப் பசையோ அழுக்கோ உள்ள இடத்தில் அணுக்கள் பற்றிக்கொள்ளமாட்டா. ஆகவேதான் பொருளை முதலில் சுத்தஞ்செய்கிறோம். ஒரு நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், பரீட்சையில் தேவைப்படாது: மின்னோட்டத்தை அளவோடு கூட்டினால் புதிய தீவுகள் அதிகம் தோன்றுவதால் பூச்சின் மணிகள் சிறிதாகி, பூச்சு மேம்படுவதுண்டு. எல்லையைத் தாண்டினால் மட்டுமே கருகும்.

வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைக்கும் படலத்துக்கு, படியும் மேற்பரப்பின் வெப்பநிலை முக்கியமானது. 1969 இல் கீயெவ் நகர ஆய்வாளர்களான மொவ்சானும் டெம்சிசினும் இதை ஒரு படமாக வரைந்தனர். உலோகத்தின் உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து, மேற்பரப்பு அதன் 0.3 பங்குக்குக் கீழே இருந்தால், அணுக்கள் விழுந்த இடத்திலேயே உறைந்து, இடைவெளி கொண்ட ஊசித் தூண்களாகப் படலம் வளரும். 0.3 இற்கும் 0.5 இற்கும் இடையில் தூண்கள் நெருங்கி அடர்த்தியாகும். 0.5 இற்கு மேல் பெரிய, நல்ல மணிகளாகும். கணித்துப் பாருங்கள். தங்கம் 1337 கெல்வினில் உருகும், அதன் 0.3 பங்கு ஏறத்தாழ 401 கெல்வின், அதாவது 128 பாகை செல்சியஸ். அலுமினியத்துக்கு அந்த எல்லை 7 பாகை மட்டுமே. தங்குதனுக்கோ 830 பாகைக்கும் மேல்! ஒரே அறையில், ஒரே வெப்பநிலையில் மூன்று உலோகங்களைப் படியவைத்தாலும் மூன்று அமைப்புகள் கிடைப்பது இதனாலேதான். கற்கண்டும் சீனியும் ஒரே பொருள். பாகு எப்படி ஆறியது என்பதே வேறுபாடு.

பிஸ்கட் பக்கற்றின் உட்புறத்திலுள்ள வெள்ளிப் பளபளப்பு பெரும்பாலும் இவ்வாறு படியவைத்த அலுமினியப் படலந்தான். 1969 இல் சந்திரனில் இறங்கியவர்களின் தலைக்கவச முகமூடியில் வெயிலைத் தடுத்தது ஒரு மெல்லிய தங்கப் படலம்.

மேற்கண்ட வினாவுக்குரிய விடையை இப்போது எழுதுங்கள். சிறிய மின்னோட்டத்தில் உலோகம் மெதுவாகப் படிவதால் சீரான, அடர்த்தியான, நன்கு ஒட்டிய பூச்சுக் கிடைக்கும்; பெரிய மின்னோட்டத்தில் விரைவாகப் படிவதால் கரடுமுரடான, உதிரக்கூடிய படிவு உண்டாகும். செப்பு வீணாகும் என்ற சொற்றொடர் விடைத்தாளில் வேண்டாம்.

இறுதிக்காலம்

பரடே வீரப்பட்டத்தை ஏற்கவில்லை. றோயல் சங்கத்தின் தலைமைப் பதவியையும் மறுத்தார். 1858 இல் விக்ரோறியா மகாராணி ஹம்ரன் கோட்டில் ஒரு வீட்டைக் கொடுத்தார். ஞாபகம் படிப்படியாக மங்கியது. பரிசோதனைகளில் அவருக்குப் பல ஆண்டுகள் துணைநின்ற சார்ஜன்ற் அண்டர்சன் 1866 இல் காலமானார். 1867 ஆகஸ்ட் 25 ஆம் திகதி, தமது வீட்டில் கதிரையில் அமர்ந்தபடியே பரடே உயிர்நீத்தார். இலண்டன் ஹைகேற் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தயாரித்த தங்கத் திரவப் போத்தல்கள் சில இலண்டன் றோயல் நிறுவனத்தில் இன்றும் சிவந்த நிறத்தோடு பாதுகாக்கப்படுகின்றன. அவற்றைப் பார்க்க இலண்டன் போகவேண்டியதில்லை. அவர் கண்ட ஒளிப்பாதையை இங்கேயே காணலாம். இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீர் நிரப்புங்கள். ஒன்றில் ஒரு துளி பாலையும் மற்றதில் ஒரு சிட்டிகை உப்பையும் இட்டுக் கலக்குங்கள். அறையை இருட்டாக்கி, ரோச் வெளிச்சத்தை ஒவ்வொன்றினூடும் செலுத்திப் பக்கத்திலிருந்து பாருங்கள். பால் கலந்த நீரில் ஒளி செல்லும் வழி வெண்கோடாகத் தெரியும். உப்பு நீரில் அது தெரியாது.